அஞ்சியது யார்?

அந்தச் செய்திச் சேனலில் அவளைச் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் எல்லாரும் 'பிரேக் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். "மத்தவங்க பிரேக்கிங் போடுவாங்க, இந்த அக்கா பிரேக் போடும்" என்று கிராபிக்ஸ் பிரிவில் ஒருவன் என்றோ அடித்த ஜோக், பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. அவளுடைய ஷிஃப்டில் திரையின் அடியில் ஓடும் ஒவ்வொரு வரியும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். யார் சொன்னது என்று கேட்பாள். "எல்லாரும் சொல்றாங்கக்கா" என்று பதில் வந்தால், "அந்த எல்லாரையும் வரச் சொல்லு, ஒவ்வொருத்தரா கேட்டுக்கறேன்" என்பாள். அதனால் அவளைப் பிடித்தவர்களைவிடப் பிடிக்காதவர்கள்தான் அந்த ஆபீஸில் அதிகம்.

வார விடுமுறை முடிந்து அன்று காலை அவள் வேலைக்கு வந்தபோது செய்தி அறை சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை, கடைவீதியில் நான்கு மாடித் துணிக் கிடங்கு ஒன்று இடிந்து விழுந்திருந்தது. பழைய கட்டடம். அதை வணிக வளாகமாக மாற்றுவதற்காகக் கீழ்த்தளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை செய்தவர்கள் அப்படியே உள்ளே சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் விடிய விடியக் கையாலேயே கல்லையும் கம்பியையும் அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கைப்பையை இறக்கி வைப்பதற்குள், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த டிவிகளில் ஒன்று சிவப்பாக மாறியது. 'கட்டட விபத்து: உள்ளே சிக்கிய அனைவரும் பலி.' அது போட்டிச் சேனல். அடுத்து அதன் பக்கத்து டிவி. அடுத்து அதற்கும் பக்கத்து டிவி. ஒன்றில் பதினொரு பேர் என்று போட்டான், இன்னொன்றில் பதினான்கு என்று போட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. இவர்களுடைய சேனலில் மட்டும் வானிலை ஓடிக்கொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் தன் கண்ணாடி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். சீஃப் என்று எல்லாரும் கூப்பிடும் அவர் நெடுநெடுவென்று உயரமானவர். கோபம் வந்தால் இன்னும் ஒரு சாண் வளர்ந்ததுபோல் தெரிவார்.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற? போடு!"

"யார் சொன்னது சார்?"

"நாலு சேனல் சொல்லுது. பத்தாதா உனக்கு?"

"நாலு சேனலும் ஒரே ஆளைக் கேட்டுப் போட்டிருந்தா அது ஒரு ஆள்தான் சார். நாலு ஆள் ஆகாது."

சீஃப் பல்லைக் கடித்தார். அறையில் இருந்த எல்லாரும் அவரவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். "சீக்கிரம் கேட்டுச் சொல்லு. நான் ரொம்ப நேரம் பிடிச்சு நிறுத்த முடியாது. முதலாளி போன் பண்ணிக்கிட்டே இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் போனை எடுத்தாள். முதலில் போட்டிச் சேனலில் இருந்த பழைய தோழிக்குப் போட்டாள்.

"உங்களுக்கு யாருடி சொன்னது?"

"ஒரு வெப்சைட்ல வந்துச்சு. எடுத்துப் போட்டோம். ஏன், நீங்க இன்னும் போடலையா?" தோழியின் குரலில் பரிதாபம் இருந்தது.

வெப்சைட்டைப் பிடித்தாள். அங்கே பேசியவன் அவளை அற்பமாக நினைத்துப் பேசினான். "மேடம், அமைச்சரே இரங்கல் சொல்லிப் பதிவு போட்டுட்டார். அதுக்கு மேல என்ன வேணும்?"

அமைச்சரின் உதவியாளரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கிடைத்ததும் அவர் சிரித்தார். "என்ன மேடம், எங்களைக் கேக்கறீங்க? உங்க சேனல்ல ஓடுச்சே! ஐயா காலையில உங்க சேனல்தான் பாப்பார். பாத்ததும் மனசு கேக்காம உடனே எழுதச் சொன்னார்."

அவள் போனை வைத்தாள். விடியற்காலையில் ஓடிய பதிவைத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். திரையின் அடியில், வானிலைக்கும் விளையாட்டுக்கும் நடுவே, அந்த வரி ஊர்ந்து போனது. 'கிடங்கு விபத்து: உள்ளே சிக்கிய அனைவரும் உயிரிழந்திருக்கலாம் என அஞ்சப்படுகிறது.'

அஞ்சப்படுகிறது. செய்தித் தமிழில் இதைப்போல வசதியான வார்த்தை வேறு கிடையாது. அஞ்சியது யார் என்று சொல்லவேண்டியதே இல்லை. பழி வந்தால் யார் தலையிலும் விழாது. அமைச்சர் வீட்டில் அந்த 'அஞ்சப்படுகிறது' கழன்று விழுந்தது. வெப்சைட்டில் 'இருக்கலாம்' விழுந்தது. போட்டிச் சேனலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியது பலி மட்டும்தான். இதே அறையிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு பேச்சு, ஊரெல்லாம் சுற்றிப் பவுடர் பூசிக்கொண்டு திரும்பி வந்து, என்னை உள்ளே விடு என்று அவள் முன்னால் நிற்கிறது.

"காலையில இதைப் போடச் சொன்னது யாருப்பா?" என்று இரவு ஷிஃப்ட் முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தவனைக் கேட்டாள். அவன் பையை மாட்டிக்கொண்டே கண்ணாடி அறையைக் கண்ணால் காட்டினான். "அவரேதான்க்கா. வீட்டுலேர்ந்து போன் பண்ணிச் சொன்னார்."

அவள் ஒரு நிமிடம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் வேலைக்கு ஆபத்தில்லை. எல்லாரும் போட்டதைத்தான் நாமும் போட்டோம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பிறகு எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

சொல்லி முடிக்கும் வரை சீஃப் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "நான் அஞ்சப்படுகிறதுன்னுதானே சொன்னேன்? செத்துட்டாங்கன்னா சொன்னேன்?" என்றார்.

"அஞ்சியது யாரு சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான்தான்" என்றார் மெதுவாக. "போட்டோவைப் பாத்தேன். அவ்வளவு பெரிய கட்டடம் அப்பளமா நொறுங்கிக் கிடந்துச்சு. யாரும் பிழைச்சிருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

வெளியே அத்தனை டிவிகளிலும் சிவப்பு மின்னிக்கொண்டிருந்தது.

"சரி, இப்ப என்ன பண்ணலாம்?"

"ஸ்பாட்டுக்கு நானே போறேன் சார். நான் போன் பண்ற வரைக்கும் நம்ம திரையில பலின்னு ஒரு எழுத்து வரக்கூடாது."

"முதலாளியை நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு."

ஆபீஸ் கார் கடைவீதிக்குத் திரும்பும்போது அவள் மாமியாரிடமிருந்து போன் வந்தது. அவள் மாமியாருக்கு மருமகள் வேலை பார்க்கும் சேனல் பிடிக்காது. போட்டிச் சேனல்தான் பார்ப்பார். அதில் சத்தம் நன்றாக இருக்கிறதாம்.

"ஏம்மா, ஊரே எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொல்லுது. உங்க சேனல்ல வானிலை ஓடுது. பக்கத்து வீட்டுல கேக்கறாங்க, உங்க மருமக சேனல் தூங்குதான்னு. எனக்குத்தான் மானம் போகுது."

"செத்துட்டாங்கன்னு யாரு அத்தை சொன்னது?"

"டிவியிலதான்."

"டிவியில யாரு?"

மாமியார் யோசித்தார். "அந்த நீலக் கோட்டுப் போட்ட பையன். நல்லா சத்தமா சொல்றானே, அவன்."

"அவனுக்கு யாரு சொன்னது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? அவனைத்தான் கேக்கணும்."

"அதுக்குத்தான் போயிட்டிருக்கேன் அத்தை" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கடைவீதியை நெருங்கும்போதே இரைச்சல் காதைப் பிளந்தது. தெரு நெடுக, நேரலை அனுப்பும் ஓபி வேன்கள். ஒவ்வொரு வேனிலும் ஜெனரேட்டர் உறுமியது. ஒவ்வொரு வேனுக்கு முன்னாலும் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால், தடுப்புக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில், கிடங்கு ஒரு சாம்பல் நிற மேடாகக் கிடந்தது. மேலே தளம் தளமாகச் சரிந்த கான்கிரீட். ஓரத்தில் இரண்டு பொக்லைன் இயந்திரங்கள் இரும்புக் கையை மடக்கிக்கொண்டு நின்றன.

அவர்கள் சேனலின் நிருபருக்கு ஆபீஸில் 'மைக்செட்' என்று பேர். ஒலிபெருக்கியே வேண்டாம், அவன் தொண்டையே போதும். அவளைக் கண்டதும் ஓடி வந்தான்.

"நீ இங்கேதானே நேத்துலேர்ந்து நிக்கிற, என்னதான் நடக்குது?"

மைக்செட் வெட்கப்பட்டான். "இந்தத் தடுப்பைத் தாண்டி விடமாட்டேங்கறாங்கக்கா. நானும் போன்ல டிவி பாத்துத்தான் லைவ்ல சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நல்லா இருக்கு. இங்கே நிக்கிற நீ டிவியைப் பாத்துச் சொல்ற. டிவியில இருக்கறவன் உன்னைப் பாத்துச் சொல்றான்."

நடைபாதையில் ஒரு கடையின் மூடிய கதவோரம் சில குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. உள்ளே சிக்கியவர்களின் சொந்தக்காரர்கள். பலர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் அழாமல், கையில் போனைப் பிடித்தபடி இடிபாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் பிரேக் அக்காவும் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க ஆளு யாரும்மா உள்ளே?"

"வீட்டுக்காரர்" என்றாள் அந்தப் பெண். "யார் யாரோ வந்து போனைக் காட்டுறாங்க. போயிட்டார், மனசைத் தேத்திக்கோன்னு சொல்றாங்க. யாரும் அவரைப் பாத்தேன்னு சொல்லமாட்டேங்கறாங்க. பாக்காம எப்படிங்க போயிட்டார்னு சொல்லுவாங்க?"

இத்தனை வருடமாகப் பிரேக் அக்கா ஆபீஸில் கேட்டுக் கேட்டு எல்லாரையும் எரிச்சல்படுத்திய கேள்வியை, இந்தப் பெண் தெருவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போய்ப் பாத்தவங்களையே கேட்டுட்டு வரேன். இங்கேயே இருங்க" என்று எழுந்தாள்.

தடுப்பில் நின்ற காவலர் கையைக் குறுக்கே நீட்டினார். "மீடியா எல்லாம் பின்னாடி."

"சார், எனக்குப் படம் வேண்டாம், பேட்டி வேண்டாம். உள்ளே வேலை செய்யறவங்களோட அதிகாரிகிட்ட ஒரே ஒரு கேள்வி. அவர் தலையை ஆட்டினாக் கூடப் போதும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நேற்றிலிருந்து தன்னைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தவர்கள்தான் வந்திருந்தார்கள்போல. கேட்டுவிட்டு நின்றவள் இவள் ஒருத்திதான். உள்ளே ஆளனுப்பினார்.

தீயணைப்பு அதிகாரி வந்தார். தலை முதல் கால் வரை சிமெண்ட் தூசி. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"சார், உள்ளே இருக்கறவங்க எல்லாரும் இறந்துட்டாங்கன்னு நீங்க சொன்னீங்களா?"

அவர் வெடித்துவிட்டார். "இப்பவாவது ஒருத்தர் வந்து கேட்டீங்களே! நான் சொல்லல. என் ஆளுங்க யாரும் சொல்லல. இன்னும் ஒரு உடம்பைக்கூட நாங்க பாக்கல. பொழுது விடியற நேரத்துல கீழேயிருந்து குழாயில தட்டுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. எங்கேயிருந்து வருதுன்னு காதை வெச்சுப் பாக்கறதுக்குள்ள உங்க வண்டிங்க எல்லாம் உறும ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் என் பேச்சே என் காதுல விழல."

"பொக்லைன் எதுக்கு சார் நிக்குது?"

"மேலிடத்துலேர்ந்து போன் மேல போன். எல்லாரும்தான் செத்துட்டாங்களே, இன்னும் என்ன கையால நோண்டிக்கிட்டு இருக்கீங்க, மெஷினை விட்டுத் தெருவைச் சரி பண்ணுங்கன்னு. மெஷின் ஏறினா கீழே உயிரோட இருக்கறவனும் நசுங்கிடுவான். கொஞ்சம் பொறுங்கன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன்."

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"சத்தம் நிக்கணும். இந்தத் தெரு மூச்சு விடாம நிக்கணும். அவ்வளவுதான்."

"இதைக் கேமரா முன்னாடி சொல்லுவீங்களா?"

"கேட்டாச் சொல்றேன். யாரும் கேக்கலையே!"

அவள் சீஃபுக்குப் போன் போட்டாள். மூச்சு வாங்கச் சொன்னாள். மறுமுனையில் "ஆங்கரை எழுந்திருக்கச் சொல்லு" என்று சீஃப் யாரிடமோ சொல்வது கேட்டது.

மைக்செட்டின் போனில் அவர்கள் பார்த்தார்கள். செய்தி வாசிப்பாளர் உட்காரும் நாற்காலியில் சீஃப் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை, பவுடர் இல்லை. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார்.

"கிடங்கு விபத்தில் அனைவரும் பலி என்று இப்போது எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் செய்தி, இந்தச் சேனலிலிருந்து கிளம்பியது. அதைப் போடச் சொன்னது நான். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்று அங்கே வேலை செய்பவரே இப்போது சொல்வார். தயவுசெய்து கேளுங்கள்."

கேமரா தீயணைப்பு அதிகாரிக்குத் திரும்பியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளிடம் சொன்னதையே அவர் ஊருக்குச் சொன்னார். கடைசியில் கையைக் கூப்பினார். "எல்லாரும் வண்டியை அணையுங்க. பேசாதீங்க. கொஞ்ச நேரம். கீழே யாராவது நம்மளக் கூப்பிடலாம்."

மைக்செட் ஓடிப்போய்த் தங்கள் வேனின் ஜெனரேட்டரை நிறுத்தினான். பேட்டரியில் கேமரா மட்டும் ஓடியது. திரையில் 'அமைதி தேவை' என்ற இரண்டு வார்த்தை மட்டும். பின்னணி இசை இல்லை, யாருடைய குரலும் இல்லை. எந்நேரமும் இரைச்சலையே விற்றுப் பிழைக்கும் ஒரு செய்திச் சேனல், வாயை மூடிக்கொண்டு ஒரு கல்மேட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் மற்ற வேன்கள் உறுமிக்கொண்டுதான் இருந்தன. பிரேக் அக்கா ஒவ்வொரு வேனாகப் போனாள். முதல் வேனுக்கு முன்னால் நீலக் கோட்டுப் போட்ட பையன் நின்றுகொண்டிருந்தான். டிவியில் பார்ப்பதைவிட ரொம்பச் சின்னப் பையன். வியர்வையில் கோட்டு நனைந்திருந்தது.

"தம்பி, வண்டியை அணைச்சுடுப்பா."

"லைவ்ல இருக்கேன்க்கா. அணைச்சா எங்க ஆபீஸ்ல தொலைச்சுக் கட்டிடுவாங்க."

"உள்ளே இருக்கறவங்க செத்துட்டாங்கன்னு நீ பாத்தியா?"

அவன் நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு காதில் செருகியிருந்ததைப் பிடுங்கினான். அதில் யாரோ அவனைத் திட்டிக்கொண்டிருந்தது வெளியே வரை கேட்டது. வேன் டிரைவரைப் பார்த்துக் கழுத்தை வெட்டுவதுபோல் கையைக் காட்டினான். ஜெனரேட்டர் இருமி அடங்கியது.

அவன் அணைத்ததைப் பார்த்து அடுத்தவன் அணைத்தான். அதைப் பார்த்து அதற்கடுத்தவன். தெருமுனையில் காவலர் வண்டிகளை நிறுத்தினார். கடைக்காரர்கள் ஷட்டரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, அதுவும் நின்றது. அந்தத் தெரு அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் கேட்டிருக்காது.

தீயணைப்பு அதிகாரி இடிபாட்டின்மேல் குப்புறப் படுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் காதை வைத்தார். எல்லாக் கண்ணும் அவர் முதுகின்மேல் இருந்தது. வெகுநேரம் அவர் அசையவில்லை. பிரேக் அக்கா தன் நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டு நின்றாள். எதுவுமே கேட்காவிட்டால்? இத்தனை பேருக்கும் இல்லாத நம்பிக்கையை ஊட்டிய பாவம் தனக்குத்தானே?

அதிகாரியின் வலது கை மெல்ல மேலே எழுந்தது.

கையில் இருந்த சுத்தியலால் குழாயைத் தட்டினார். நிறுத்தினார். இந்த முறை காதை வைக்கத் தேவையே இல்லாமல் தெருவே கேட்டது. டொக், டொக், டொக்.

சத்தம் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் போடவும் இல்லை. நூற்றுக்கணக்கான பேர் வாயைத் திறக்காமல் அழுதார்கள். நீலக் கோட்டுப் பையன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

சற்று நேரத்தில் பொக்லைன்கள் இரண்டும் பின்னால் தள்ளிப் போயின. மேலிடத்திலிருந்து போன் வந்ததாம். ஊர் முழுக்க அந்தத் தட்டலைக் கேட்டபிறகு, மெஷினை விடு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது முதல் ஆளை வெளியே எடுத்தார்கள். கண்ணைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் கையை ஆட்டினான். தெருவே அதிர்ந்தது. பிறகு இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். நான்காவது ஆளுக்குக் கால் முறிந்திருந்தது. ஐந்தாவது ஆள் தண்ணீர் கேட்டான். ஆறாவது ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் கூட்டம் விசில் அடித்து ஆர்ப்பரித்தது. எல்லா வேன்களும் மறுபடி உயிர்பெற்றன. 'அனைவரும் உயிருடன் மீட்பு!' இந்த முறை பச்சைக் கலர்.

சீஃப் போனில் குதித்தார். "போடட்டுமா? நம்மதான் முதல்ல போடணும்மா இதை!"

"இருங்க சார். எல்லாரும்னு யார் சொன்னது?"

"அய்யோ, நல்ல செய்திக்குமா பிரேக் போடுவ?"

"நல்ல செய்தியும் செய்திதானே சார்."

ஆறு பேர்தான் உள்ளே என்று சொன்னது கட்டட ஒப்பந்தக்காரர். தீயணைப்பு வீரர்கள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் நடைபாதையில் இருந்த அந்தப் பெண் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் கும்மாளத்தில் அவள் குரல் எடுபடவில்லை. பிரேக் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளிடம் போனாள்.

"அவர் வரலைங்க! என் வீட்டுக்காரர் வரலை! அவரை நேத்து மத்தியானமே அனுப்பிட்டேன்னு அந்த ஒப்பந்தக்காரர் சொல்றார். பொய்ங்க! புதுசா சேர்ந்தவர்னு கணக்குல பேரே எழுதல, அதை மறைக்கறார்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "நீங்களும் நம்பலையா?"

"நான் நம்பறேன்மா. வேற யாரும் சந்தேகப்பட வழி இல்லாம பண்ணத்தான் கேக்கறேன். நிதானமா சொல்லுங்க."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "கட்டடம் விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போன் பண்ணினார். கீழே சிக்னல் கிடைக்கல, படிக்கட்டுல நின்னு பேசறேன்னார். மறுபடி கீழே இறங்கறேன், வெக்கட்டுமான்னார். வெச்சார். அப்புறம்தான் விழுந்துச்சு." போனை எடுத்து அந்த அழைப்பைக் காட்டினாள். மாலையில் வந்த அழைப்பு. மத்தியானமே போனவன் மாலையில் கிடங்கின் படிக்கட்டில் நின்று எப்படிப் பேசுவான்?

பிரேக் அக்காவுக்கு இன்னொரு ஆளின் வாய்ச்சொல் தேவைப்பட்டது. கிளம்பிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸின் கதவைத் தட்டினாள். உள்ளே படுத்திருந்தவன் பாதி மயக்கத்தில் இருந்தான்.

"அண்ணே, உங்களோட கீழே வேற யாராவது இருந்தாங்களா?"

அவன் உதட்டை நக்கிக்கொண்டு முனகினான். "புதுசா ஒருத்தர்... படிக்கட்டுக்கு அந்தப் பக்கம். சுவர் விழுந்ததும் அவர் சத்தம் நின்னுடுச்சு..."

அவள் ஓடினாள். அவ்வளவு வேகமாக ஓடிப் பல வருடம் ஆகியிருந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அதிகாரியின் கையைப் பிடித்து நிறுத்தி, மூச்சு திணறத் திணற, "ஏழு சார். ஆறு இல்ல, ஏழு" என்றாள். யார் யார் சொன்னார்கள் என்பதையும் சொன்னாள்.

அவர் சுருட்டிய கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயரத் தூக்கினார். நீலக் கோட்டுப் பையன்தான் முதலில் புரிந்துகொண்டான். "வண்டியை அணைங்கடா! எல்லாரும் அணைங்கடா!" என்று டிவியில் கத்தும் அதே குரலில் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினான். அன்று அந்தக் குரல் உருப்படியான ஒரு காரியம் செய்தது.

மறுபடி அமைதி. படிக்கட்டு இருந்த பக்கத்துச் சந்தில் அதிகாரி காதை வைத்தார். இந்த முறை கேட்டது தட்டல் அல்ல, உரசல். இரும்பில் இரும்பு லேசாக உரசும் சத்தம். எலி பிறாண்டுவதுபோல அவ்வளவு சன்னமாக.

வெளிச்சம் போவதற்குள் அவரை எடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் கூட்டத்தைக் கடந்தபோது அவர் மனைவி கூடவே ஓடினாள். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் ஓடினாள். "போன் பண்ணினா எடுக்கமாட்டியா நீ? எத்தனை தடவை பண்றது?" அவர் தூசி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

பிரேக் அக்கா சீஃபுக்குப் போன் போட்டாள். "ஏழு பேர். ஏழு பேரும் உயிரோட. என் கண்ணால பாத்தேன் சார். இப்பப் போடுங்க."

முதலாளி ஆபீஸுக்கே நேரில் வந்து, சீஃப் செய்ததற்கு அவரைத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் கைகுலுக்கிவிட்டுப் போனாராம். அன்று ஊரில் எல்லாரும் பார்த்தது பேசாமல் இருந்த அந்தச் சேனலைத்தான்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏழு பேர் நிலைமையையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டிலுக்கு வந்தாள். ஏழாவது ஆள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் நின்றாள்.

"என்னைப் பத்தி டிவியில என்னென்னமோ சொன்னாங்களாமே?" என்றார் அவர்.

"முதல்ல செத்துட்டீங்கன்னு சொன்னோம். அப்புறம் நீங்க உள்ளேயே இல்லைன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சொன்னோம்."

அவர் விலா வலிக்க வலிக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முகத்தைக் கொஞ்சம் கடுப்பாக வைத்துக்கொண்டார். "அதெல்லாம் போகட்டும். நேத்து ராத்திரிலேர்ந்து என்னைக் கொத்தனார், கொத்தனார்னு போடறீங்களே, அது யாரு சொன்னது? நான் எலக்ட்ரீஷியன். கையில ஸ்க்ரூடிரைவர் இருந்ததாலதான் உரசிக்கிட்டுக் கிடந்தேன்."

பிரேக் அக்காவுக்கு முகம் சிவந்துபோனது. லைவில் மைக்செட் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதை, சந்தோஷத்தில் அவளும் கேட்காமல் விட்டிருந்தாள். அங்கேயே நின்று ஆபீஸில் செய்தி டெஸ்குக்குப் போன் போட்டாள்.

வார்டின் மூலையில் இருந்த டிவியில் வரி ஓடும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். 'ஏழாவதாக மீட்கப்பட்டவர் கொத்தனார் அல்ல, எலக்ட்ரீஷியன். தவறுக்கு வருந்துகிறோம்.' மனைவி அதை உரக்கப் படித்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். ஊசியோடு வந்த நர்ஸை அவர் கைகாட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் இருங்க சிஸ்டர். மறுபடி ஓடும், பாத்துக்கறேன்."